திருவனந்தபுரத்துக் கேக்

"நடுவுல வேவல அண்ணாச்சி" என்றான் சமையல்காரன் சுடலைமாடன், குத்திப் பார்த்த ஈர்க்குச்சியை உருவியபடி. நுனியில் மாவு ஒட்டியிருந்தது.

சுகிர்தராஜ் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். சைக்கிள் சக்கரம் அளவில் ஓர் இட்லி, நடுவில் குழிந்துபோய், அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மாலையில் அதுதான் அவர் மகள் ஷெர்லினின் கல்யாணக் கேக்.

காலையில் சர்ச்சில் தாலி கட்டியாகிவிட்டது. குற்றாலத்து மண்டபத்தில் வரவேற்பு மட்டும் பாக்கி. மாப்பிள்ளை பிரின்ஸின் அம்மா பொன்செல்வி நிச்சயத்தன்றே சொல்லியிருந்தாள்: "எங்க குடும்பத்துல மூணடுக்கு கேக் வெட்டாம ஒரு கல்யாணமும் நடந்ததில்ல சம்மந்தி."

தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த சுகிர்தராஜ் ஊர்ப் பேக்கரியில் விலையைக் கேட்டுவிட்டு, அங்கேயே ஒரு ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கேக் இல்லையென்றால் அந்தப் பேச்சை ஷெர்லின் ஆலங்குளத்துப் புகுந்த வீட்டில் ஆயுசு முழுக்கக் கேட்க வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான் பயம்.

சுடலைமாடன்தான் வழி சொன்னான். "வெள்ளையா, வட்டமா, மெத்துனு இருக்கணும். அவ்வளவுதான அண்ணாச்சி?"

ஷெர்லினின் அம்மா இருந்திருந்தால் ஒரே சிரிப்பில் அந்த யோசனை செத்திருக்கும். அவள் போனபிறகு அந்த வீட்டில் யோசனைகளைத் தடுக்க ஆள் இல்லை.

"இன்னுங் கொஞ்சம் வேவட்டும்" என்றார் சுகிர்தராஜ்.

வெந்தது. ஓரம் கல்லாகிவிட்டது, நடு அப்படியே இருந்தது.

"மெல்லிசா ஊத்தி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிருவோமா?"

அடுக்கினார்கள். மேலடுக்கின் கனத்தில் கீழ்அடுக்கு பிளந்து, மொத்தமும் மேற்கே மலையைப் பார்த்துச் சாய்ந்தது.

"இன்னொரு தடவ ஊத்து. கெட்டியா ஊத்து."

சுடலைமாடன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாத. ஊத்து."

இந்த முறை நடுவில் வாழைத்தண்டைத் தூணாக நட்டார்கள். நின்றது. க்ரீமுக்குத் தேங்காயை அரைத்துப் பூசினார்கள், அது வழிந்து மேசைக்கு வந்தது. துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரைப் பூசி, மேலே தேங்காய்ப் பூவை ஒட்டினார்கள். பார்க்கக் கேக்காகத்தான் இருந்தது, ஆனால் சட்னி வாசம் அடித்தது. சுகிர்தராஜ் வாசலுக்கு ஓடி, வரவேற்பு மேசையிலிருந்த பன்னீர்ச் செம்பைத் தூக்கிவந்து கவிழ்த்தார். இப்போது சட்னியே மாப்பிள்ளைக் கோலத்தில் வந்ததுபோல் மணத்தது.

மேடைக்குக் கொண்டுபோய் வைத்த மறு நிமிஷம் பொன்செல்வி வந்து நின்றாள்.

"எந்தக் கட சம்மந்தி?"

"திருவனந்தபுரம் மைனி. புளியறை செக்போஸ்ட் வழியாத்தான் வந்துச்சி."

"முட்ட போட்டதா? எங்க அண்ணன் முட்ட சாப்பிட மாட்டான்."

"முட்டையே கெடையாது."

"அவனுக்குச் சுகரும் இருக்கு."

"சீனி துளிகூட இல்ல."

"மைதா?"

"அதுவும் இல்ல மைனி" என்றார் சுகிர்தராஜ். அன்று அவர் சொன்ன உண்மைகள் இந்த மூன்றும்தான்.

பொன்செல்வி நெஞ்சில் கை வைத்தாள். "முட்ட இல்ல, சீனி இல்ல, மைதா இல்ல! அப்ப வெல எங்கயோ போயிருக்குமே!"

"மகளுக்குத்தான மைனி" என்றார் அவர், தரையைப் பார்த்து.

அவள் நேராகப் போய் மைக்கைப் பிடுங்கினாள். "எல்லாரும் ஒரு துண்டு சாப்பிட்டுட்டுத்தான் போவணும். எங்க சம்மந்தி திருவனந்தபுரத்துலருந்து தருவிச்சிருக்காவ. உடம்புக்கு ஒண்ணும் செய்யாது!"

சுகிர்தராஜ் மேடையைவிட்டு மெல்ல நழுவினார். போதகர் ஜெபித்தார். கத்தி இறங்கியது. பிரின்ஸ் ஒரு வாய் தின்றான், மென்றான், யோசித்தான்.

"நல்லாருக்கு மாமா. பசி தாங்கும்போல."

ஷெர்லின் வாயில் வைத்ததுமே நிறுத்திவிட்டாள். ஜுரம் வந்த நாளெல்லாம் அப்பா ஊட்டிய ருசி அது. மேடையிலிருந்தே அவரைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். அவர் ஒரு தூணுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தார். அவள் மெதுவாக மென்று முழுங்கிவிட்டு மைக்கை வாங்கினாள்.

"எப்பா, கேக் சூப்பர்."

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பொன்செல்வியின் அண்ணன் வாழைத்தண்டைக் கடித்து, "நடுவுல என்னமோ நட்ஸ் போட்டிருக்கான்" என்று இன்னொரு துண்டு கேட்டார். பொன்செல்வி விரலை நக்கிவிட்டு, "கேக்குன்னா இது கேக்கு. இனிமே எங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் சம்மந்திதான் வாங்கித் தரணும்" என்றாள்.

சுகிர்தராஜ் ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது சுடலைமாடன் ஈரத் துண்டோடு வந்து, அவர் காதுப்பக்கம் குனிந்தான்.

"அண்ணாச்சி, பந்திக்கு வச்சிருந்த மாவு பூரா நம்ம கேக்குக்கே போயிட்டு, சீசன் கூட்டத்துல ஒரு ஓட்டல்லயும் இட்லி இல்ல, அதான் உங்க பேருல கடன் சொல்லி தென்காசி பேக்கரில இருந்த கேக்க பூரா அள்ளிட்டு வந்து எலையில வச்சிட்டேன், சாம்பார அதுமேலயே ஊத்தச் சொல்லவா?"