ஐந்தாம் படியில் ஒரு கரடி

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. அந்தக் கரடி நான்தான். கதை சொல்கிறவர்கள் தங்களைச் சிங்கம், புலி என்று போட்டுக்கொள்வார்கள். என்னை நேரில் பார்த்தவர்கள் காட்டில் நிறையப் பேர் இருப்பதால் எனக்கு அந்த வசதி இல்லை. பெயர் சடையப்பன். மனைவி மரகதம். இருவருக்கும் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிள்.

அந்த வண்டியில் போனால் மரகதத்துக்கு முதுகு வலித்தது. குழி வந்தால் "ஐயோ" என்பாள். வேகத்தடை வந்தால் "அம்மா" என்பாள். எங்கள் காட்டு ரோட்டில் இந்த இரண்டும்தான் உண்டு.

நான் சும்மா இருக்கவில்லை. 'காட்டு ரைடர்ஸ்' வாட்ஸ்அப் குழுவில் எனக்கு நிபுணர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்ததும் நான்தான். நாற்பது வீடியோ பார்த்தேன். சீட்டுக்குப் புது ஸ்பாஞ்ச் போட்டேன். டயரில் காற்றைக் குறைத்தேன். கடைசியில் குலுக்கலைத் தாங்கும் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, பக்கத்தில் மஞ்சள் டப்பா தொங்கும் கேஸ் அடைத்த ஷாக் அப்சார்பர் மாட்டினேன். மஞ்சள் டப்பாவைப் பார்க்கக் குரங்குகள் குடும்பத்தோடு வந்துபோயின. மரகதத்தின் முதுகு மட்டும் அப்படியே வலித்தது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வளையம் இருக்கும். அதில் ஐந்து படி. ஒன்றில் வைத்தால் ஸ்பிரிங் இளகி இருக்கும், ஐந்தில் வைத்தால் இறுகிவிடும். மூட்டை ஏற்றுகிறவர்களுக்குத்தான் ஐந்து. போன கோடையில் நாலு பலாப்பழம் ஏற்றுவதற்காக நான் அதை ஐந்தில் வைத்தேன். பழத்தை அன்றைக்கே தின்று தீர்த்தோம். வளையம் ஐந்திலேயே நின்றது. மறதி என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் புது ஷாக் அப்சார்பரிலும் வளையத்தை நானே தேடிப் பிடித்து ஐந்தில்தான் வைத்தேன். ஐந்து இருக்கும்போது எதற்கு இரண்டில் வைக்க வேண்டும்? வீட்டில் ஃபேனையும் அப்படித்தான் வைப்பேன்.

மரகதத்தின் தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. மேற்கு மலைக்குப் போக வேண்டும்.

"இந்த ஒரு தடவைதான்" என்றாள் மரகதம். "இதுலயும் முதுகு போச்சுன்னா இனிமே உங்க பின்னாடி உட்கார மாட்டேன். யானை பஸ்ல போய்க்கிறேன். நீங்களும் அந்த மஞ்ச டப்பாவும் தனியா சுத்துங்க."

வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது குறைவு. உப்பு போதுமா, மோட்டார் போட்டாச்சா, அவ்வளவுதான். வண்டியில் ஏறினால்தான் பேச்சு வரும். அவள் பின்னால் இல்லாவிட்டால் நான் யாரிடம் பேசுவேன்?

வண்டியை மெக்கானிக் செல்லக்கண்ணுவிடம் தள்ளிக்கொண்டு போனேன். செல்லக்கண்ணு ஒரு முள்ளம்பன்றி. ஸ்பேனர்களை முதுகு முள்ளிலேயே செருகி வைத்திருப்பான். அவன் குனிந்து பார்த்தான்.

"யாருண்ணே இதை அஞ்சுல வெச்சது?"

"தெரியலையே தம்பி."

"அஞ்சுல வெச்சா பாறை மேல உட்கார்ந்து போற மாதிரி இருக்கும். அண்ணி எப்படித்தான் தாங்கினாங்களோ?"

முதுகிலிருந்து வளைந்த ஸ்பேனர் ஒன்றை உருவி டக், டக், டக் என்று இரு பக்க வளையத்தையும் திருகி இரண்டில் வைத்தான். அரை நிமிஷ வேலை. நான் வீட்டுக்குப் போய், "உள்ளே பெரிய கோளாறு. நான்தான் கண்டுபிடிச்சேன்" என்றேன்.

காதுகுத்து அன்று காலையில் கிளம்பினோம். முதல் குழி வந்தது, "ஐயோ" வரவில்லை. வேகத்தடை வந்தது, "அம்மா" வரவில்லை. "பரவாயில்லைங்க, நல்லா பண்ணியிருக்கீங்க" என்று என் தோளைத் தட்டினாள். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துவிட்டது.

பாதி வழியில் நரியின் டீக்கடையில் நிறுத்தினோம். டீ குடித்துவிட்டு மரகதம் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "பையை விட்டுட்டேன், இருங்க" என்று இறங்கினாள். உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது. அவள் சொன்னது ஹெல்மெட்டுக்குள் வந்து சேரவில்லை, இளகிய ஸ்பிரிங்கில் இறங்கியதும் தெரியவில்லை. நான் கிளம்பிவிட்டேன்.

எத்தனை குழி வந்தது! ஒரு முனகல் இல்லை. அந்த அமைதி என் மனசை என்னவோ செய்தது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல்தடவையாக மன்னிப்புக் கேட்டேன்.

"மரகதம், அதை அஞ்சுல வெச்சது நான்தான். கோளாறெல்லாம் பொய். உன் முதுகு வலிக்கு நான்தான் காரணம். ஃபேன் சத்தத்துல உனக்குத் தூக்கம் வராததுக்கும் நான்தான். மன்னிச்சிரு."

பின்னால் இருந்து பதில் இல்லை. அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து நானும் கொஞ்சம் அழுதேன். மேற்கு மலையில் மச்சினி வாசலுக்கு வந்து, "அக்கா எங்க, மாமா?" என்று கேட்டபோதுதான் திரும்பிப் பார்த்தேன். சீட்டில் என் புது ஸ்பாஞ்ச் மட்டும் இருந்தது.

வண்டியைத் திருப்புவதற்குள் யானை பஸ் வந்து நின்றது. மரகதம் பையோடு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் செல்லக்கண்ணு இறங்கினான். அவனுக்கும் காதுகுத்துக்கு அழைப்பு உண்டு என்பதை நான் யோசிக்கவில்லை. வழியெல்லாம் அவன் என்னென்ன சொல்லியிருப்பான் என்பது அவள் முகத்திலேயே இருந்தது.

அவள் சண்டை போடவில்லை. எல்லாம் முடிந்து பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள். போச்சு என்று நினைத்தேன். அவள் பஸ்ஸைத் தாண்டி என் வண்டிக்கு வந்தாள். செல்லக்கண்ணுவிடம் வாங்கி வைத்திருந்த வளைந்த ஸ்பேனரைப் பையிலிருந்து எடுத்து, தானே குனிந்து, இரண்டு பக்க வளையத்தையும் ஐந்துக்குத் திருகினாள்.

"வலிக்குமே" என்றேன்.

"வலிச்சா வலிக்கட்டும். நான் இருக்கேனா இல்லையான்னு உங்களுக்குத் தெரியணும்ல."

வண்டி கிளம்பியது. முதல் குழியிலேயே "ஐயோ" வந்தது. அதைக் கேட்டு என் கண் நிறைந்துவிட்டது.

"காலைல என்னை விட்டுட்டுப் போனப்ப ஏதாச்சும் பேசிட்டே போனீங்களா?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"இல்லையே" என்றேன்.

நீதி: ஷாக் அப்சார்பரை எப்போதும் ஐந்தில் வையுங்கள். பின்னால் முனகல் கேட்டால் மனைவி இருக்கிறாள் என்று அர்த்தம். அந்த நேரத்தில் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிடாதீர்கள்.