சாய்தளம் ஏலத்துக்கு வந்த சீசன்

மந்தியருவிக்கு வருகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது சத்தம். வண்டி நிறுத்துமிடத்தில் இறங்கினால் அருவி கண்ணில் படாது. பாறைக்கு அந்தப் பக்கம் தகரக்கூரையில் ஓயாமல் மழை கொட்டுகிற மாதிரி ஓர் இரைச்சல், நடுநடுவே போலீஸ்காரரின் விசில், குளிரில் யாரோ போடும் கூப்பாடு. இந்தச் சத்தத்தைக் கேட்பதில் ஆண் பெண், உள்ளூர் வெளியூர் என்ற பேதம் கிடையாது. கட்டணமும் கிடையாது. அரசு இதற்குத் தடை விதித்ததாகவும் தகவல் இல்லை. அருவி அப்படியல்ல. அருவிக்குப் படி உண்டு.

குத்துக்கல்வலசை எப்சிபா சத்தத்தோடு நின்றுவிட்டவள். சின்ன வயதிலேயே இரண்டு காலும் விளங்காமல் போய், இப்போது முப்பத்தைந்து வயதில் சக்கர நாற்காலியில் நடமாட்டம். ஒவ்வொரு சீசனிலும் வீட்டார் அவளைத் தவறாமல் அருவிக்கு அழைத்துவருவார்கள். செல்போன், வாட்ச், மூக்குக்கண்ணாடி, ஈரமாகக்கூடாத துணி எல்லாவற்றையும் அவள் மடியில் குவித்துவிட்டுப் படியேறிப் போவார்கள். திரும்பும்போது இரண்டு லிட்டர் பாட்டிலில் அருவியைப் பிடித்துக்கொண்டு வந்து அவள் தலையில் ஊற்றி, "குளிச்சாச்சுல்லா?" என்பார்கள். குளித்தாயிற்று என்று அவளும் ஒப்புக்கொள்வாள்.

அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்று. பாட்டில் இல்லாமல், அருவி நேரே தன் தலையில் விழவேண்டும். ஒரு தரம் போதும்.

பொது இடம் எதுவானாலும் மாற்றுத்திறனாளிகள் தடையில்லாமல் போய்வர வழி செய்யவேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதை அவள் செல்போனில் படித்தாள். சட்டம் வந்து வருஷக்கணக்காகியிருந்தது. அதில் கொடுத்த கெடுவும் முடிந்திருந்தது. டெல்லியிலிருந்து புறப்பட்ட சட்டம் தென்காசி வரை வந்து, குற்றாலம் ரோட்டு டிராபிக்கில் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது. அதை இறங்கித் தள்ள நாலு பேர் வேண்டும் என்று எப்சிபா நினைத்தாள்.

தள்ள வந்தவர் ஆவுடைநாயகம். ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர். ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்கு வருகிற வியாதி இரண்டு. ஒன்று சர்க்கரை, மற்றொன்று சங்கம். அவருக்கு இரண்டும் முற்றியிருந்தன. தென்காசி - குற்றாலம் வட்டார மாற்றுத்திறனாளிகள் தடையற்ற அணுகல் சட்ட ஆதரவுப் பேரவை என்று பெயர் வைத்தார். பிளெக்ஸ் போர்டில் அது ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை போயிற்று. தொடக்க விழா மேடையில் தலைவர், துணைத்தலைவர்கள், காப்பாளர்கள், ஆலோசகர்கள் என்று நல்ல காலுள்ளவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குச் சாய்வுப் பலகை இல்லாததால் செயலாளர் எப்சிபா கீழே இருந்தபடி நன்றியுரை சொன்னாள். மேடையில் இருந்தவர்கள் குனிந்து கைதட்டினார்கள்.

அந்த வருஷம் எதற்கெடுத்தாலும் விழிப்புணர்வு ஓட்டம் நடத்துவது நாகரிகமாக இருந்தது. கொசுவுக்காக ஓடினார்கள், மரத்துக்காக ஓடினார்கள். ஆகவே நடக்க முடியாதவர்களின் உரிமைக்காகவும் ஓட்டம் நடந்தது. நீல நிற பனியன், நெஞ்சில் சக்கரப் படம். எப்சிபா கொடியசைத்தாள். எல்லோரும் ஓடிப்போனார்கள். அவர்களுடைய செல்போன்களைப் பார்த்துக்கொண்டு அவள் அங்கேயே இருந்தாள்.

பிறகு மனு. அருவிக்கரைப் பராமரிப்பு அலுவலகத்தின் பொறுப்பு அதிகாரி பால்வண்ணநாதன், கோபப்படவே தெரியாத மனிதர். கோபப்படுகிறவர்களிடமாவது ஒருநாள் காரியம் நடக்கும். அவர் மனுவை இரண்டு முறை படித்துவிட்டு, பதிவுகளின்படி இதுவரை ஒரு மாற்றுத்திறனாளிகூட மந்தியருவியில் குளித்ததில்லை என்று வருத்தத்தோடு தெரிவித்தார்.

"வழி இல்லாமத்தான் சார் யாரும் வரல."

"அதத்தானம்மா நானும் சொல்லுதேன். யாரும் வரல."

"வழி போட்டா வருவாங்க."

"வரட்டும். வந்தாங்கன்னா தேவை இருக்குன்னு நானே மேல எழுதுதேன்."

கோரிக்கை பரிசீலனையில் வைக்கப்பட்டது. பரிசீலனை என்பது நல்ல நிழலான இடம்; அங்கே வைத்த எதுவும் வாடுவதும் இல்லை, வளர்வதும் இல்லை.

ஆனால் வேறொரு திசையிலிருந்து நல்லகாலம் பிறந்தது. பக்கத்து மாவட்டத்து ஏரி ஒன்றுக்குத் 'தடையற்ற தலம்' என்று விருது கிடைத்துவிட்டது. கேடயம் வாங்குகிற படம் பத்திரிகையில் வந்ததும் மேலிடத்திலிருந்து போன் மேல் போன். பால்வண்ணநாதனுக்குத் தேவை உடனே புலப்பட்டது. இரவுபகலாக வேலை நடந்து, படிகளுக்குப் பக்கத்தில் அகலமான சாய்தளம் எழுந்தது. இரண்டு பக்கமும் பளபளவென்று எவர்சில்வர் கைப்பிடி, நடுவில் மஞ்சள் கோடு. குறை சொல்ல முடியாத சாய்தளம்.

பங்குனி மாதம் திறப்புவிழா. அதிகாரிகள் முன்னால் நடந்து போக, எப்சிபா தன் கையால் சக்கரத்தை உருட்டி மேலே போனாள். யாரும் தள்ளவில்லை. மேலே பாறை காய்ந்து வெயிலில் வெளுத்துக் கிடந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் போய்ப் பாறையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். ஆனியில் சாரல் விழும். இடையில் இரண்டு மாதம் தானே என்று இறங்கிவந்தாள்.

வைகாசியில் சீசன் கடைகளுக்கு ஏல அறிவிப்பு வந்தது. எண்ணெய்க் கடை, துண்டுக் கடை, பழக் கடை, சிப்ஸ் கடை என்று வரிசையாகப் போய், கடைசியில் 'கைப்பிடியுடன் கூடிய சாய்வான காலியிடம், பலகாரம் தயாரித்து விற்க ஏற்றது' என்றிருந்தது.

பேரவை பதறிக்கொண்டு ஓடியது. பால்வண்ணநாதன் எல்லோருக்கும் டீ வரவழைத்தார்.

"அது வழி சார்," என்றாள் எப்சிபா.

"வழிதாம்மா. யாரு இல்லேன்னா? வழியில கடை போட்டாத்தான யாவாரம். வழியில்லாத எடத்துல கடை போட்டா எவன் ஏலம் எடுப்பான்?"

சீசனில் அருவிக்கரையில் சும்மா கிடக்கிற இடம் என்று ஒன்று இருக்கவே கூடாது, இருந்தால் அரசுக்கு வருவாய் இழப்பு, தணிக்கையில் தன் கழுத்துக்குத்தான் கத்தி என்று விளக்கினார். சட்டத்தைக் காட்டினாள். அவர் சட்டத்தை மதித்துத்தான் சாய்தளம் கட்டப்பட்டது என்றார். கட்டியபின் அதில் கடை இருக்கக்கூடாது என்று எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்டார். அப்படி ஒரு பிரிவு இல்லை; சட்டம் எழுதியவர்கள் குற்றாலத்துக்குச் சீசனில் வந்தவர்களாகத் தெரியவில்லை.

வழக்குப் போட்டால் தீர்ப்பு வருவதற்குள் நாலு சீசன் போய்விடும் என்பது ஆவுடைநாயகத்தின் அனுபவம். ஆகவே பேரவை அவசரக் கூட்டம் போட்டு, ஏகமனதாக ஒரு முடிவெடுத்தது: சாய்தளத்தை நாமே ஏலம் எடுத்து, கடை போடாமல் திறந்துவிடுவது. பனியன் வாங்கியது போக மிச்சமிருந்த நன்கொடை அதற்குக் கட்டப்பட்டது.

ஏலத்தில் எதிரே நின்றவர் சிப்ஸ் வியாபாரி சுடலைமாடன். விடாமல் கேட்டுக்கொண்டே போனவர், எப்சிபாவைக் கண்டதும் நிறுத்தினார். "இந்தத் தங்கச்சிக்குன்னா நான் விட்டுத் தாரேன் அண்ணாச்சி. எல்லாம் இங்கன வெச்சிட்டுப் போறதுதான்," என்றார். எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. சுடலைமாடனுக்கு அங்கேயே பொன்னாடை போர்த்தினார்கள்.

ஆனி பிறந்தது. சாரல் விழுந்தது. சத்தம் கேட்க ஆரம்பித்த அன்று, காலையிலேயே எப்சிபா மாற்றுத்துணியோடு வந்துவிட்டாள். சாய்தளத்தின் அடியில் பால்வண்ணநாதன் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"கடை எங்கம்மா?"

"கடை இல்ல சார். வழியாத்தான் விட்டிருக்கோம்."

"வழி நடத்த உங்களுக்கு லைசென்ஸ் இல்லையே. பலகாரத்துக்குல்லா லைசென்ஸ் எடுத்திருக்கீங்க." உரிய தொழிலை நடத்தாவிட்டால் உரிமம் ரத்தாகி இடம் மறு ஏலத்துக்குப் போகும். அதையும் அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

மாற்றுத்துணியைப் பைக்குள் வைத்துவிட்டு எப்சிபா தலைவருக்குப் போன் செய்தாள். மத்தியானத்துக்குள் ஒரு மேஜை வந்தது. நாற்காலி போக இடம் விட்டு ஓரமாகப் போட்டு, சிப்ஸ் பாக்கெட்டுகளை அடுக்கி, வந்தவர்களுக்கு விற்று முடிப்பதற்குள் இருட்டிவிட்டது; நாளைக்குக் குளித்துக்கொள்ளலாம் என்று எப்சிபா வீட்டுக்குப் போனாள். மறுநாள் ஆய்வு. உரிமத்தில் தயாரித்து விற்க என்றிருக்க, இவர்கள் வெறுமனே விற்பது பாதி விதிமீறல் என்று கண்டுபிடிக்கப்பட்டது. அடுப்பு வந்தது, பெரிய சட்டி வந்தது, சட்டியோடு மாஸ்டரும் வந்தார். மூன்றையும் அனுப்பியவர் சுடலைமாடன். காயும் எண்ணெயும் அவர் கடையிலிருந்தே வந்தன. ஏலத்தொகை கட்டாமல் அவருக்குக் கடையும் நடந்தது, புண்ணியமும் சேர்ந்தது.

அடுப்பு வந்ததும் பாதுகாப்பு ஆய்வு. கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த எதுவும் உருளக்கூடாது என்று எழுதிக்கொடுத்தார்கள். உரிமம் வைத்திருக்கிற அமைப்பே தன் பொறுப்பில் அறிவிப்புப் பலகை வைக்கவேண்டும், செயலாளர் கையொப்பத்தோடு.

அன்று சாயங்காலம் பேரவைக் கூட்டம் சாய்தளத்திலேயே நடந்தது. நின்றுகொண்டே நடந்தது. எப்சிபா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"நாம எதுக்கு சார் இதை ஆரம்பிச்சோம்?"

"வழியக் காப்பாத்தத்தாம்மா," என்றார் ஆவுடைநாயகம். "கடை இருக்கப்போய்த்தான் வழி நம்ம கையில இருக்கு. கடைய எடுத்தா வழி போயிரும். நல்லா யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்துப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டால் வழி பேரவையின் பேரில் இருக்கும், போகத்தான் முடியாது. போடாவிட்டால் வழி இன்னொருவர் பேரில் இருக்கும், அப்போதும் போக முடியாது. இரண்டில் முதலாவதே உரிமைக்கு நெருக்கமானது என்று எல்லோரும் சொன்னார்கள். 'பாதுகாப்புக் கருதி சக்கர நாற்காலிகளுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையின் கீழே எப்சிபா கையெழுத்திட்டாள்.

கடை அமோகமாக ஓடியது. மாற்றுத்திறனாளிகள் நடத்தும் கடையில் வாங்கினால் புண்ணியம் என்று யாரோ வீடியோ போட்டார்கள். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, எப்சிபாவோடு படம் எடுத்துக்கொண்டு, அரைக் கிலோ வாங்கிப் போனார்கள். அவளுடைய தன்னம்பிக்கையைப் பலரும் பாராட்டினார்கள். மந்தியருவிக்கு 'தடையற்ற தலம்' விருதும் கிடைத்தது. கேடயத்தைப் பால்வண்ணநாதனும் ஆவுடைநாயகமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். மற்ற அருவிகளிலும் சாய்தளம் கட்டவேண்டும் என்று பேரவை காட்டமாகத் தீர்மானம் போட்டது. கிளைகள் திறக்க இடம் வேண்டுமே.

ஆடி நடுவில் ஒருநாள், அச்சன்புதூரிலிருந்து சைதூன் பீவி என்ற அம்மா வந்தாள். அறுபது வயதிருக்கும். மகன் தள்ளிக்கொண்டு வந்த சக்கர நாற்காலியில் இருந்தாள். வீடியோவில் சாய்தளத்தைப் பார்த்து, கேடயம் வாங்கிய செய்தியையும் படித்து, ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். மடியில் துண்டும் சோப்பும் இருந்தன.

"இது நமக்குன்னு போட்ட வழிதான புள்ள?"

"ஆமாக்கா."

"பெறவு போகக்கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கே. எவன் எழுதுனான் இதை?"

"நாந்தான்க்கா."

வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்து சைதூன் பீவி சிரித்தாள். பிறகு மேஜைக்குக் கீழே எப்சிபாவின் சக்கரங்கள் தெரிந்தன. சிரிப்பை நிறுத்திவிட்டுச் சட்டியையும், அதற்குப் பின்னால் மேலே ஏறிப் போகிற எவர்சில்வர் கைப்பிடியையும் பார்த்தாள். சாரல் இருவர் மேலும் விழுந்துகொண்டிருந்தது.

"சீசன் முடியட்டும்க்கா," என்றாள் எப்சிபா. "கடைய எடுத்திருவோம். அப்புறம் தாராளமா மேல போகலாம்."

"அப்ப மேல தண்ணி கெடக்குமா?"

எப்சிபா கால் கிலோ நேந்திரங்காய் சிப்ஸை நிறுத்துப் பையில் போட்டாள். சாரலில் அணைந்திருந்த மெழுகுவத்தியைக் கையால் மறைத்து மறுபடி கொளுத்தி, பையின் வாயை மடித்து, தீயில் காட்டி ஒட்ட ஆரம்பித்தாள்.