இரண்டு வாசல் கூடு

ஒரு காட்டில் ஆஸ்பத்திரி கிடையாது. கோடை வந்தால் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஆனால் கலை மன்றம் இருந்தது. நரி அதன் தலைவர், கொக்கு அதன் விமர்சகர். விமர்சகராவதற்கு வேண்டிய எல்லாமே கொக்குக்குப் பிறவியிலேயே அமைந்திருந்தன. ஒற்றைக் காலில் நிற்கும். கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும். நெடுநேரம் ஒன்றுமே சொல்லாது.

காட்டின் ஓரத்தில் ஒரு பழைய கிணறு. கிணற்றின் மேல் சாய்ந்து நின்ற கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தார்கள். கிணற்றுக்குள் ஒரு தண்ணீர்ப்பாம்பு குடியிருந்தது. மேலிருந்து எது விழுந்தாலும் அது குறை சொல்லாமல் சாப்பிடும்.

தூக்கணாங்குருவிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டை மாப்பிள்ளைதான் கட்ட வேண்டும். அதையும் முழுதாகக் கட்டிவிடக் கூடாது. கவிழ்த்த தொப்பி மாதிரி பாதிவரை பின்னி, நடுவில் ஒரு குறுக்குப் பட்டை வைத்து, பெண்ணுக்காகக் காத்திருக்க வேண்டும். பெண் வந்து பட்டையில் உட்கார்ந்து ஆடிப் பார்ப்பாள். நாரைக் கடித்து இழுத்துப் பார்ப்பாள். பிடித்தால் கல்யாணம். பிடிக்காவிட்டால் மாப்பிள்ளை அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கப் போக வேண்டியதுதான். பெண் பார்க்கப் போய் பஜ்ஜியும் சொஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்புகிறவர்கள் இந்த வழக்கத்தைக் கேள்விப்பட்டதில்லை.

வடிவு என்ற பெண் குருவி அப்படித்தான் ஆவுடையின் பாதிக் கூட்டைப் பார்க்க வந்தாள். அதிகம் பேசமாட்டாள். பார்ப்பாள். கூட்டின் உள்சுவரில் ஈரக் களிமண் அப்பி, அதில் ஒரு மின்மினிப் பூச்சியை ஒட்டிவைத்திருந்தான் ஆவுடை. வீட்டுக்கு விளக்கு.

"எரியுமா?" என்று கேட்டாள்.

"எரியும். இப்ப பகலா இருக்கு, அதான்" என்றான். சொல்லும்போது அவன் கால் நடுங்கியது. முதல் கூடு. அந்த நடுக்கம் அவளுக்குப் பிடித்திருந்தது. சரி என்றாள்.

பெண் சரி என்றபின் வேலை இரண்டு. பட்டைக்கு ஒரு பக்கம் முட்டைக்குத் தரை. மறுபக்கம் நீளக் குழாயாக வாசல். வடிவு தரையில் விரிக்கப் பஞ்சு தேடிப் போனாள். அவள் திரும்பி வந்தபோது கூடு முடிந்திருந்தது. இரண்டு பக்கமும் நீளமான குழாய்கள் தொங்கின. கொடியில் காயப்போட்ட கால்சட்டை மாதிரி இருந்தது.

"என்னங்க இது?"

"வீடு."

"தரை எங்கே?"

ஆவுடை உள்ளே எட்டிப் பார்த்தான். இந்தப் பக்கம் கிணறு தெரிந்தது. அந்தப் பக்கமும் கிணறு தெரிந்தது.

"வாசலைப் பின்னி முடிச்சுட்டுத் தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்து மறுபக்கமா தலைகீழாத் தொங்கிட்டேன் போல. தொங்கினா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கு வடிவு."

"விளக்கு?"

"மண்ணு காஞ்சதும் பறந்துடுச்சு."

வடிவு வாயில் இருந்த பஞ்சைக் கிளையில் வைத்தாள். வயிறு கனக்கத் தொடங்கியிருந்தது.

"ஒரு பக்கத்தைப் பிரிச்சு அதே நாருல தரை போட்டுடுறேன்" என்றான் ஆவுடை. "நாளைக்குப் பண்ணிடலாம்."

"நாளைக்குன்னு முட்டைகிட்ட யார் சொல்றது? அது வர்றப்ப வரும்."

அப்போது கிணற்றுக்குள்ளிருந்து பாம்பு தலையைத் தூக்கியது. "எதுக்குப் பிரிக்கணும்? ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றது. ஆவுடைக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பாராட்டு அதுதான்.

இரண்டாவது பாராட்டு மறுநாள் காலையில் வந்தது. தவளை தேடிக் கிணற்றடிக்கு வந்த கொக்கு தற்செயலாக அண்ணாந்து பார்த்தது. ஒரு காலைத் தூக்கியது. கண்ணைப் பாதி மூடியது. பிரிக்கலாமென்று நாரில் அலகை வைத்த ஆவுடை அப்படியே நின்றுவிட்டான். தவளை தப்பித்துப் போனது.

வெயில் ஏறுவதற்குள் நரி வந்தது. குரங்கு ஒன்று கயிற்றோடும் கைபேசியோடும் வந்தது. கொக்கு விளக்கியது.

"உள்ளே வருவதற்கு ஒரு வழி. வெளியே போவதற்கு ஒரு வழி. தங்குவதற்கு மட்டும் இடமில்லை. கவனித்தீர்களா?"

"கவனிச்சேன்" என்றாள் வடிவு. அவளை யாரும் கவனிக்கவில்லை.

"வீடு என்ற கருத்தையே இது கேள்வி கேட்கிறது" என்றது கொக்கு. பிறகு களிமண் அப்பிய இடத்தைக் காட்டியது. அதன் குரல் தழுதழுத்தது. "விளக்கு இல்லை. விளக்கு இருந்த இடம் இருக்கிறது."

"பூச்சி பறந்துடுச்சுங்க" என்றான் ஆவுடை.

"பாருங்கள்" என்றது கொக்கு நரியிடம். "எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டார்."

மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். 'தொடாதீர், சிந்திப்பீர்' என்று பலகை வைத்தார்கள். அன்றே வரிசை நிற்கத் தொடங்கியது. வடிவு பஞ்சை எடுத்துக்கொண்டு பறந்துபோனபோது குரங்கு மறித்தது.

"எங்கே போறே?"

"என் வீட்டுக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. இதைப் பார்த்தா அவங்கவங்க வீடு ஞாபகம் வருதாம். வரிசையில வாம்மா."

வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டு முயல்கள் நின்றன.

"ரொம்ப ஆழமா இருக்குல்ல?" என்றது ஒன்று.

"ஆமா. நேரா கிணத்துத் தண்ணி தெரியுது" என்றது மற்றது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "நீ சொன்ன மாதிரி, ஆழம்" என்று திருத்திக்கொண்டது.

வடிவு வரிசையை விட்டு வந்து நரியைப் பார்த்தாள். மன்றத்தின் நாற்காலியில் நரி வால் தொங்க உட்கார்ந்திருந்தது.

"ஐயா, ஒரு பக்கம் தரை போட்டாப் போதும். நான் முட்டை வைக்கணும்."

"தங்கச்சி" என்றது நரி மிகுந்த அன்போடு. "முட்டை யார்தான் வைக்கலை? காக்கா வைக்குது, பல்லி வைக்குது. அதுக்கெல்லாம் நாம கயிறு கட்டினோமா?"

"அது வீடுங்க ஐயா. அவர் தப்பாக் கட்டிட்டார்."

நரி சிரித்தது. "பெரிய ஆளுங்க வீட்டுல இப்படித்தான் பேசுவாங்க. வேற கூடு கட்டித் தரச் சொல்லேன் உன் வீட்டுக்காரரை."

"அவர் எங்கே வீட்டுல இருக்கார்? உங்க கூட்டத்துலதான் பேசிக்கிட்டு இருக்கார்."

அது உண்மை. முதல் நாள் கூச்சத்தில் கிளைக்குப் பின்னால் ஒளிந்தவன், அடுத்தடுத்த நாட்களில் கிளைக்கு முன்னால் வந்தான். பிறகு ஒற்றைக் காலில் நிற்கத் தொடங்கினான். குருவிக்கு அது வராது. விழுந்து விழுந்து பழகினான். மாலையில் கூட்டம் முடிந்து வந்தவன், "வெறுமைதான் என் ஊடகம் வடிவு" என்றான்.

"போன வாரம் வரைக்கும் பனை நாருன்னு சொன்னீங்க."

அவன் காலைக் கீழே வைத்தான்.

"ஏங்க, அது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். ஆனா கொக்கு ஐயா சொல்றப்ப, நான் வேணும்னுதான் அப்படிப் பண்ணினேனோன்னு தோணுது. சின்ன வயசுலேருந்து என்னை யாருமே கெட்டிக்காரன்னு சொன்னதில்லை வடிவு. எங்க அப்பாகூட, நீ நார் கிழிக்கத்தான் லாயக்குன்னாரு."

வடிவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவப்படுவதால் முட்டை நின்றுவிடாது.

இதற்கிடையில் பாம்பு மன்றத்தின் புரவலராகிவிட்டது. தினமும் தலையை நீட்டி ஒரு சொற்பொழிவு ஆற்றியது. "தரை போட்டால் இந்தப் படைப்பு செத்துவிடும். இதை இப்படியே விட வேண்டும். இதன் கீழே நான் எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருப்பேன்" என்றது. கலைக்காக ஒரு ஜீவன் இப்படி வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைக் கண்டு கூட்டம் கண் கலங்கியது. நரி அதற்கு மாலை போட்டது.

வடிவு எதிர்க் கிளையில் உட்கார்ந்து இவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. வரிசையில் வந்தவர்களில் ஒருவர்கூட 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர் முகத்தைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். பக்கத்தில் நின்றவர் அவருக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அந்த வரிசை கடைசியில் கொக்கில் போய் முடிந்தது. கொக்கு யாரையும் பார்க்காமல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை, பக்கத்துக் காட்டிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்த நேரம், வடிவுக்கு வயிற்றில் சுருக்கென்றது. அவள் பனையோலையிலிருந்து ஒரு நாரைக் கிழித்தாள். பெண் குருவிகள் சுவர் பின்னும் வழக்கமில்லை. அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததும் இல்லை. ஆனால் நிறையப் பார்த்திருக்கிறாள். நாரைக் கவ்விக்கொண்டு கயிற்றுக்கு மேலே பறந்து, நேராகக் கூட்டின் பட்டையில் போய் உட்கார்ந்தாள்.

"ஏய், தொடாதே" என்று குரங்கு கத்தியது. வரிசை கலைந்தது. ஆவுடை மேடையில் ஒற்றைக் காலிலிருந்து சறுக்கினான்.

இரண்டு பேருக்கு மேல் கூடிய இடத்தில் வடிவு பேசி யாரும் கேட்டதே கிடையாது. நாரைக் காலடியில் அமுக்கிக்கொண்டு, "இன்னிக்கு இரண்டாம் பாகம்" என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

"என்ன இரண்டாம் பாகம்?" என்றது நரி.

"உங்ககிட்ட யாரும் சொல்லலையா ஐயா?" அவள் கொக்கைப் பார்த்தாள். "கொக்கு ஐயாவுக்குத் தெரியும்."

எல்லோரும் கொக்கைப் பார்த்தார்கள். கொக்கு முதல்முறையாகக் காலை மாற்றி நின்றது. பக்கத்துக் காட்டு விருந்தினர்கள் காத்திருந்தார்கள்.

"எதிர்பார்த்ததுதான்" என்றது கொக்கு.

வடிவு பின்னத் தொடங்கினாள். முதல் முடிச்சு நழுவியது. "தயக்கம்" என்றது கொக்கு மெதுவாக. கூட்டம் அதைக் குறித்துக்கொண்டது. இரண்டாவது முடிச்சு பிடித்தது. ஒரு குழாயைக் கடித்துக் கடித்துப் பிரித்தாள், அதே நாரைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தாள். வலி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தினாள். "இடைவெளி" என்றது கொக்கு. குரங்கு கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தது. ஆவுடை வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். நாரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அவன் கால் பழையபடி நடுங்கியது.

கீழேயிருந்து பாம்பு மட்டும் பொறுக்க முடியாமல் தலையைத் தூக்கியது.

"என்னய்யா அநியாயமா இருக்கு? இது வெறும் தரை. அந்தம்மா ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருக்கு. உங்க யாருக்குமே கண்ணு தெரியலையா?"

அந்தக் காட்டில் அந்த ஆண்டு உரக்கப் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான். கூட்டம் முகம் சுளித்தது. "இவருக்குப் போய் மாலை போட்டோமே" என்றது ஒரு முயல். கலை தெரியாதவர் என்று தீர்மானம் போட்டு, பாம்பைப் புரவலர் பதவியிலிருந்து அங்கேயே நீக்கினார்கள்.

வடிவு பஞ்சை விரித்து உட்கார்ந்தாள். முட்டை தரையில் தங்கியது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழவில்லை.

"மூன்றாம் பாகம்" என்றது கொக்கு. கூட்டம் கைதட்டியது.

பலகையை மாற்றினார்கள். 'ஆவுடை: பிற்காலப் படைப்பு' என்று பெரிதாக எழுதி, அடியில் சின்னதாக 'உதவி: மனைவி' என்று போட்டார்கள். வடிவு அதைப் படித்தாள். பலகை கூட்டின் வாசலுக்கு நேராக இருந்ததால் மழைச் சாரல் உள்ளே வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த பருவத்தில் அந்த மரத்து இளவட்டங்கள் அத்தனை பேரும் இரண்டு வாசல் கூடுதான் கட்டினார்கள். ஒருநாள் சாயங்காலம் புதுப்பெண் ஒருத்தி வடிவிடம் வந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் கூட்டுலயும் தரை இல்லை. அடைக்கலாமான்னு மன்றத்துல கேட்டா, குழு போட்டிருக்கோம், முடிவு சொல்லுவோம்னு சொல்றாங்க."

"கேட்காதே. இரண்டாம் பாகம்னு சொல்லிட்டுப் போய் அடை."

"எனக்கு நாலு பேருக்கு முன்னால பேச வராதேக்கா."

"எனக்கும்தான் வராது. நாலு பேரைப் பார்க்காதே, கொக்கை மட்டும் பாரு. அது தலையாட்டும்."

அவள் போய் அடைத்தாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் அடைத்தார்கள். மற்றவர்கள் நல்ல ரசனை உள்ள பெண்கள். குழுவின் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். பதவி போன பாம்பு அதற்குப் பிறகு கலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிணற்றில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டது. அந்தப் பருவத்தில் அது நன்றாகப் பருத்துவிட்டது என்று தவளைகள் பேசிக்கொண்டன.

நீதி: ஓட்டையை ஓட்டை என்று சொல்லிவிட்டு அடைக்காதீர்கள், விடமாட்டார்கள், இரண்டாம் பாகம் என்று சொல்லிவிட்டு அடையுங்கள், கைதட்டுவார்கள்.