சிங்கத்தின் பாஸ்வேர்டு

ஒரு காட்டில், சிங்கம் கையெழுத்துப் போடாமல் இலைகூட உதிராது. அந்தக் காட்டு அலுவலகத்தில் அழகேசன் என்ற முள்ளம்பன்றி ஏழு வருடமாகத் தற்காலிக ஊழியன். அவனுடைய பணி நிரந்தரக் கோப்பு சிங்கத்தின் மேசையில் தூங்கிக்கொண்டிருந்தது. பாவம், அதை நினைத்து நினைத்தே பாதி முள் கொட்டிவிட்டது.

பழக்கிடங்கைத் திறந்து மூடும் கணினி நிரலைக் குரங்குகளும், ஏரி மதகைத் திறந்து மூடும் நிரலை யானைகளும் எழுதிவந்தன. இரண்டையும் ஒரே சர்வரில் வைக்கும் வேலை அழகேசனுக்கு வந்தது. ஆசை ஆசையாகச் செய்தான். நிரலை வைக்கக் கூட்டத்துக்கொரு களஞ்சியம், களஞ்சியத்துக்கொரு முகவரி. யார் எந்த வரியை மாற்றினாலும் பெயரோடு பதிவாகிவிடும். ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுப்பதுதான் பாக்கி. அதற்கு ஒவ்வொருவருக்கும் படிவம் பதினேழில் சிங்கம் கையெழுத்திட வேண்டும்.

சிங்கத்துக்குக் கொட்டாவி வந்தது. "இத்தனை படிவத்துல எவன்யா கையெழுத்துப் போடுறது? என் பேரு, என் பாஸ்வேர்டு. எல்லாரும் அதுலயே போங்க."

"ஐயா, அது எல்லாக் களஞ்சியத்தையும் திறந்துடும். யார் என்ன செஞ்சாலும் உங்க பேருதான் விழும்."

"விழட்டுமே! இந்தக் காட்டுல நடக்கறதெல்லாம் நான் நடத்துறதுதானே?"

மாதக் கடைசியில் பார்த்தால், நானூறு மாற்றமும் சிங்கம் செய்தது! அந்தப் பட்டியலைச் சட்டம் போட்டுக் குகையில் மாட்டிக்கொண்டது. வெட்கமாவது ஒன்றாவது!

கோடை வந்தது. கிளையில் தொங்கியபடி வேலை பார்த்த மாடசாமிக் குரங்கு, பழக்கிடங்கின் நிரல் என்று நினைத்து மதகுக் களஞ்சியத்துக்குள் புகுந்து, 'மதியம் பன்னிரண்டுக்குத் திற' என்று எழுதிவிட்டுப் போனான். சொன்ன நேரத்துக்கு மதகு திறந்தது. ஏரித் தண்ணீர் மொத்தமும் மதகுக்குக் கீழே இருந்த சிங்கத்தின் குகைக்குள் பாய்ந்தது.

"எவன்டா அவன்? தோலை உரிச்சிடுறேன்!" நனைந்த பிடரியோடு சிங்கம் கர்ஜித்தது.

"சர்வரைப் பார்த்துக்கறது அழகேசன்தான்!" என்று எல்லா விலங்குகளும் கைகாட்டின.

அழகேசனுக்கு மிச்சமிருந்த முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. வேலையும் போச்சு, தோலும் போச்சு! பதிவைத் திறந்து காட்டினான். மாற்றியவர்: சிங்கம்.

சிங்கம் தன் பெயரைப் படித்தது. பிறகு மீசையை முறுக்கியது. "ஆமா, நான்தான் திறந்தேன். கோடைக்குக் குகை குளுகுளுன்னு இருக்கணும்னு ரொம்ப நாள் திட்டம்."

விலங்குகள் கைதட்டின. எந்த மரத்திலிருந்து மாற்றினார்கள் என்பதும் அடுத்த வரியில் இருந்தது. அழகேசன் அதைப் படிக்க வாயெடுத்தான்.

"இன்னும் ஏதாவது இருக்கா?" என்றது சிங்கம், அவனுடைய கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டே.

"ஒண்ணுமில்லைங்க ஐயா. திட்டம் பிரமாதம்."

மறுநாள் பணி நிரந்தர ஆணை வந்துவிட்டது. காய்ந்த ஏரிக்கரையிலிருந்து யானைகள் வந்து, "தண்ணிக்கு நாங்க எங்கப்பா போறது?" என்று கேட்டன.

அழகேசன் புது நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "படிவம் பதினேழு எழுதிக் குடுங்க, பார்க்கலாம்" என்றான்.

நீதி: தப்புச் செய்வதென்றால் மேலதிகாரியின் பெயரில் செய்; அது திட்டமாகிவிடும்.