அசையாதை அண்ணையும் முப்பத்தொரு எழுத்தும்

ஒக்லாந்தில் பறவைகளை அதட்டி நிற்க வைக்கக்கூடிய ஒரேயொரு மனிதர் இருந்தார். எல்லோரும் அவரை அசையாதை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தபோது வேறொரு பெயர் வைத்திருப்பார்கள். அதை யாரும் பாவித்து நான் கேட்டதில்லை.

தொழில், காருக்கு முன்கண்ணாடி மாற்றுவது. பென்ரோசில் நான் சாமான் அடுக்குகிற ஸ்டோருக்கு இரண்டு கதவு தள்ளி அவருடைய கடை. புதுக் கண்ணாடி ஒட்டினால் பசை காயும்வரை ஒரு மணித்தியாலம் வண்டி நகரக்கூடாது. அண்ணை சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "அசையாதை!" என்று ஒரு சத்தம் போடுவார். காருக்குச் சொன்னாரா, கார்க்காரனுக்குச் சொன்னாரா என்று தெரியாது. இரண்டும் நிற்கும். தமிழில் ஒரு சொல் தெரியாத ஆறடி வெள்ளைக்காரர் ஒருவர், பாதி கடித்த பணிஸைக் கையில் பிடித்தபடி ஒரு மணித்தியாலம் சிலையாக நின்றதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

என்னுடைய வான் வண்டியின் கண்ணாடியில் ஒருநாள் கல் பட்டு, மிளகளவில் ஒரு வெடிப்பு. வேறு ஆளென்றால் அதோடு ஆறு மாதம் ஓடுவான். நானோ, அந்த வெடிப்பு வளர்ந்து, கண்ணாடி உடைந்து, வான் நின்று, வேலை போய், குடும்பத்தோடு தெருவில் நிற்பதுவரை யோசித்து முடித்துவிட்டு அவரிடம் ஓடினேன். கண்ணாடியை ஒட்டிவிட்டு, என்னையும் அசையாமல் நிறுத்திவிட்டு, போனில் ஒரு படத்தை நீட்டினார்.

"தம்பி, இது என்ன எழுத்து?"

படத்தில் ஒரு கறுப்பு அன்னம். கழுத்தை வளைத்து, உடம்பைத் தண்ணீரில் நீட்டிக்கொண்டிருந்தது.

"'உ' அண்ணை."

"ஏன் 'உ' எண்டுறீர்?"

"'உ' மாதிரி இருக்கு. பிழையோ? பிழையெண்டால் வேறை யோசிக்கிறன்."

"எவ்வளவு படிச்சனீர்?"

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல நினைத்து, நாக்கு ஒட்டிக்கொண்டு நின்ற இடங்கள் எனக்கு நிறைய. "எட்டு," என்றேன். "அதையும் முடிக்கேல்லை."

அண்ணை இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "உம்மைத்தான் தம்பி நான் தேடிக்கொண்டு திரிஞ்சனான்!"

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கமராவோடு பறவை பார்க்கப் போகிற தமிழர் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. உயிரெழுத்துப் பன்னிரண்டு, புள்ளியில்லாமல் மெய்யெழுத்துப் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக முப்பத்தொன்று. ஒவ்வொரு எழுத்தின் வடிவத்திலும் ஒரு பறவையைப் படம் பிடிக்கவேண்டும். பக்கத்தில் மரமோ கம்பமோ சேர்ந்து வந்தால் பரவாயில்லை. கொம்பியூட்டரில் கை வைக்கக்கூடாது. பறவைக்குத் தீன் போட்டு ஏமாற்றக்கூடாது.

எழுத்து சரியா, பிழையா என்பதை முதலில் எல்லோரும் கையுயர்த்தித்தான் முடிவுசெய்தார்களாம். அவரவர் படத்துக்கு அவரவர் இரண்டு கையையும் உயர்த்தினார்கள். ஆல்பனியில் சொஃப்ட்வெயார் வேலை பார்க்கும் முரளி சார், சென்னைக்காரர், பெரிய படிப்பு. கொழுத்த காட்டுப்புறா ஒன்று முதுகைக் காட்டிக்கொண்டிருந்த படத்தை அவர் 'ண' என்று கொண்டுவந்திருக்கிறார்.

"மூன்று சுழி எங்கை?" என்று அண்ணை கேட்டாராம்.

"ஒண்ணு வெளிய தெரியுது சார். மீதி ரெண்டும் புறாவுக்கு உள்ள இருக்கு."

அன்றைக்குத்தான் அண்ணை சட்டம் போட்டார்: எந்த எழுத்தென்று சொல்லாமல் படத்தை ஓர் ஆளிடம் காட்டவேண்டும், அந்த ஆள் தானாக வாசித்தால்தான் செல்லும். "படிச்ச சனம் எதையும் எதுவாயும் வாசிக்கும். எனக்கு எழுத்தை மட்டும் தெரிஞ்ச மனிசன் வேணும்." அந்த மனிசன் நானானேன். வாழ்க்கையிலே முதல்தடவையாக, பள்ளிக்கூடம் முடிக்காத காரணத்துக்காக ஒரு பதவி கிடைத்தது.

பதவி வந்ததோடு நிம்மதி போனது. இல்லையென்றால் கோபிப்பார்களே, ஓமென்றால் மற்றவன் கோபிப்பானே என்று ஒவ்வொரு படத்துக்கும் எனக்கு வேர்க்கும். அண்ணை ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. என் நடுக்கம்தான் தன் தராசு என்பார்.

அவரோடு சுற்றியதில் நான் பட்ட பாட்டை எழுதினால் பத்திரிகை தாங்காது. மாங்கரே பாலத்தடியில் தண்ணீருக்கு மேலே ஒரு பலகை. அதன் இரண்டு நுனியிலும் இரண்டு நீர்க்காகங்கள் நெட்டுக்குத்தாக நின்றன. அச்சு வார்த்த 'ப'. அண்ணை மூச்சை அடக்கிப் படம் எடுத்தார். வலப்பக்கத்துக் காகத்துக்கு என்ன அவசரமோ, எழும்பிப் பறந்தது. "ஐயோ போச்சே!" என்று நான் தலையில் கைவைத்தேன். அண்ணை அசையாமல் இன்னொரு தரம் கமரா பட்டனை அமத்தினார். மிஞ்சியிருந்தது 'ட'. ஒரு பலகையில் இரண்டு எழுத்து அறுவடை செய்த மனிதர் உலகத்தில் வேறு யாரும் இருந்தால் சொல்லுங்கள்.

ஆய்தத்துக்கு நடந்ததைக் கேட்டால் இன்னும் சிரிப்பீர்கள். கரையில் மூன்று கற்கள், நடுக்கல் உயரம். ஓரத்துக் கற்கள் இரண்டிலும் கடற்காகங்கள் வந்து குந்திவிட்டன. நடுக்கல் காலி. அண்ணை சேற்றில் குப்புறக் கிடந்து நாலு மணித்தியாலம் காத்திருந்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான் கார் பக்கம் நின்று, வெள்ளம் முதலில் அண்ணையை எடுக்குமா காரை எடுக்குமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாயோடு நடக்க வந்த ஒரு புண்ணியவதி, சேற்றில் பிணம் கிடக்கிறதென்று அம்புலன்ஸுக்குப் போன் அடித்துவிட்டார். நான் ஓடிப்போய், "நோ டெட்! போட்டோ! போட்டோ!" என்று கத்தியது எடுபடவில்லை. அம்புலன்ஸில் வந்த பெண் அண்ணைக்குக் கிட்டப் போய்க் குனிந்தார்.

"சேர், ஆர் யூ ஓகே?"

அண்ணை திரும்பவில்லை. "அசையாதை," என்றார், மெல்ல.

அந்தப் பெண் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவரும் நின்றார். நாயும் நின்றது. அந்த அமைதியில் மூன்றாவது கடற்காகம் இறங்கி நடுக்கல்லில் குந்தியது. அதுவரை நான் பார்த்த படங்களிலேயே வேர்க்காமல் வாசித்தது அந்த 'ஃ' ஒன்றுதான்.

வீட்டில் அக்கா, அண்ணையின் மனைவி, சொல்லுவார்: "கலியாணம் கட்டி முப்பத்தாறு வருசம். நான் என்ன எழுத்து மாதிரி இருக்கிறன் எண்டு ஒருநாள் கேட்டன். 'அசையாதை, பாக்கிறன்' எண்டார். இன்னும் பாத்து முடியேல்லை."

கூட்டத்தில் மற்றவர்கள் பத்து, பன்னிரண்டில் களைத்துவிட்டார்கள். முரளி சார் பத்தொன்பதில் நின்றார். அண்ணை முப்பது முடித்தார். மிஞ்சியது ஒன்று. எல்லாப் பிள்ளைகளும் முதலில் படிக்கிற 'அ'. சுழியும் வேண்டும், வளைவும் வேண்டும், பக்கத்தில் ஒரு நேர்க்கோடும் வேண்டும். எந்தப் பறவைதான் இவ்வளவுக்கும் சம்மதிக்கும்?

அந்த நேரம் பார்த்து பிரிஸ்பேனில் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. கடையை விற்று, வீட்டைக் கொடுத்து, அங்கேயே போய்விடுவதென்று முடிவாகியது. பத்து நாள் இருந்தது. பத்து நாளும் விடிய முன்னம் வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸ் குளக்கரையில் நின்றார். அண்ணை 'அ' இல்லாமல் போகப்போகிறாரே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போவதற்கு முதல்நாள், என் தேத்தண்ணி நேரத்தில் ஸ்டோருக்குள் வந்தார். சப்பாத்தெல்லாம் சேறு. கண் சிவந்திருந்தது. கமராவை நீட்டினார்.

ஓர் அன்னம் கழுத்தை மடித்து நித்திரை கொண்டது. பக்கத்தில் ஒரு கம்பம். அவ்வளவுதான்.

"'அ'!" என்றேன்.

அண்ணை கமராவைத் திருப்பி வாங்கவில்லை. என்னையே பார்த்தார்.

"கெதியாய்ச் சொல்லிப்போட்டீர்."

"பாத்த உடனை தெரிஞ்சது அண்ணை."

"தம்பி, 'ட'வுக்கு நீர் இருவது நிமிசம் எடுத்தனீர். ரெண்டு தரம் தண்ணி குடிச்சனீர். மனிசிக்கு வேறை போன் எடுத்தனீர். இருக்கிறதுக்குள்ளை லேசான எழுத்து அது. 'அ'வுக்கு மட்டும் ஒரு செக்கனோ?"

"நாளைக்குப் போறியள் அண்ணை. முடிச்சுப்போட்டுப் போங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

"உமக்குத் தெரியும். நீர் இதுக்குப் பொய் சொன்னால், மற்ற முப்பதுக்கும் சொன்னது மெய்யோ எண்டு நான் அங்கை இருந்து யோசிக்கவேணும். யோசிக்கிறது உம்மடை வேலை. எனக்கு அது பழக்கமில்லை. இப்ப சொல்லும், என்ன தெரியுது?"

"அன்னம் நித்திரை கொள்ளுது அண்ணை. பக்கத்திலை ஒரு கம்பம்."

"ம். எனக்கும் அப்பிடித்தான் தெரிஞ்சது," என்று சொல்லி, என் கண் முன்னாலேயே படத்தை அழித்தார்.

வட்ஸ்அப் குழுவில் முரளி சார், "முப்பதே பெரிய விஷயம் சார், ரவுண்ட் பண்ணிடலாம்," என்று எழுதினார். "எழுத்தை ரவுண்ட் பண்ண ஏலாது," என்று பதில் போட்டுவிட்டு அண்ணை விமானம் ஏறினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறு காலையும் பிரிஸ்பேனிலிருந்து ஒரு படம் வரும். நான் கண்டதைக் கண்டபடி எழுதுவேன். கிளி. கிளியும் கொப்பும். கொக்கு, கோபமாக. அக்கா போனில் சொன்னார்: "உம்மடை பதில் வந்தாப் பிறகுதான் தேத்தண்ணியும் குடிப்பார். இல்லையெண்டு வந்தால் உடனை கமராவைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிடுவார். இங்கை அவருக்குக் கடையும் இல்லை, தெரிஞ்ச சனமும் இல்லை. இது ஒண்டுதான்."

போன ஞாயிறும் படம் வந்தது. குப்பைத்தொட்டிக்குள் சொண்டை விட்டு, கழுத்தைச் சுருட்டி நிற்கிற வெள்ளைப் பறவை ஒன்று. ஒட்டினாற்போல் ஒரு விளக்குக் கம்பம். சுழி இருந்தது, வளைவு இருந்தது, கோடு இருந்தது. பள்ளிக்கூட வாசலை மிதியாதவனும் வாசிப்பான்.

வேர்க்கவேயில்லை எனக்கு. போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். ஓமென்று சொன்னால் முப்பத்தொன்றும் முடிந்துவிடும். முடிந்தால் அண்ணை எதற்காக விடியக் காலமை எழும்பி வெளிக்கிடுவார்? எனக்கு எதற்காகப் படம் அனுப்புவார்? அவர் சொன்ன நியாயப்படி நான் செய்தது முப்பதுக்கும் துரோகம். அண்ணை தமிழ்ப் பத்திரிகை வாங்குகிற ஆளில்லை என்ற தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

"தெரியேல்லை அண்ணை," என்று பதில் போட்டேன். "அடுத்த ஞாயிறு இன்னொண்டு அனுப்புங்கோ."