ஐந்தாம் பாகம் எங்கள் சாமி மேடையில் இருந்தது

அன்று மாலை எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நான், எங்கள் வாசகர் வட்டத்திலிருந்து திவ்யா, லோகேஸ், இன்னும் இரண்டு பேர் (பிஸ்கட்டைத் தவிர வேறெதிலும் அவர்கள் கலந்துகொள்ளவில்லை, அதனால் பெயர் வேண்டாம்). பக்கத்து வீட்டு அந்தோணி அங்கிள் வேலிக்கு அந்தப் பக்கம் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு தண்ணீர் விட்டார் என்பதால் அவரையும் இருந்தவர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இல்லாதவர்கள் மூன்று பேர். பிரகாஷ் இல்லை, அவனை வட்டத்திலிருந்து நான்தான் நீக்கியிருந்தேன். எழுத்தாளர் இல்லை, அவர் ஏதோ ஒரு குளிர்நாட்டில் பூசணிக்காய் வளர்த்துக்கொண்டிருந்தார். தவ்ரின் அரசன் இல்லை. அவன் ஒன்பது வருடமாக ஒரு பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். இந்த மூவரில் யாராவது ஒருவர் வந்திருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் படித்தவன் என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான். அப்பா கையெழுத்துப் போடுவார், பேருந்து எண்களை வாசிப்பார். அம்மா நாள்காட்டியில் பௌர்ணமியைக் கண்டுபிடிப்பார். அதற்கு மேல் எந்த எழுத்தாக இருந்தாலும் என் வாய் வழியாகத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். தண்ணீர் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, அப்பாவின் கம்பெனிக் கடிதம் எல்லாமே அப்படித்தான். நான் படித்துச் சொன்னால் அது நடந்தது. "சரியாப் பாத்தியாடா?" என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. அப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டுதான் இந்தக் காரியத்தைச் செய்தேன்.

அப்போது நான் ஸ்கூடாயில் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. உடல் வகுப்பில் இருக்கும். உயிர் 'மூடுபனி மகுடம்' என்ற ஆங்கிலக் காவியத் தொடரில் இருக்கும். மொத்தம் ஆறு பாகம் என்று அறிவித்திருந்தார்கள். நான்கு வந்துவிட்டன. ஒவ்வொன்றும் தலைக்கு வைத்துப் படுக்கிற தடிமன். நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், நாடிழந்த தவ்ரின் ஒற்றைச் செருப்போடு பனிமூட்டப் பாலத்தின் நடுவே வந்து நிற்பான். எதிரே கோட்டைக் கதவு லேசாகத் திறக்கும். அவன் திரும்பிப் பார்ப்பான். முடிந்தது.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம். எழுத்தாளர் வருடத்துக்கு ஒரு முறை தன் வலைத்தளத்தில் 'நன்றாக வளர்கிறது' என்று எழுதுவார். கூடவே தோட்டத்துப் பூசணிக்காயின் படத்தையும் போடுவார். வளர்வது எது என்று எங்கள் வட்டத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன.

மூடுபனி வாசகர் வட்டம், ஸ்கூடாய்க் கிளை (வேறு கிளை கிடையாது). செயலாளர் நான். விதிமுறைகளை எழுதியதும் நான். மூன்றாவது விதி: 'ஆசிரியர் எழுதாததை எழுதுவது காவியத் துரோகம், உடனடி நீக்கம்.' பிரகாஷ் ஆர்வம் தாங்காமல் தன் சொந்த முடிவைப் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தபோது, அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் அவனை நீக்கினேன். நாங்கள் கூடுகிற மாமாக் உணவுக் கடையில், எல்லார் முன்னாலும், எழுந்து நின்று. (இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.)

அந்த வருடம்தான் அப்பா பேருந்தைக் கழுவும்போது படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். இருபது வருடமாக எல்லைக் கடல்மேல் இருக்கிற ரெண்டாவது பாலத்து நெரிசலில் ஊர்ந்து சிங்கப்பூருக்குத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிக்கொண்டு போனவர். திடீரென்று மாவுக்கட்டோடு கார் போர்ச்சில், பிளாஸ்டிக் நாற்காலி மேல் காலைப் போட்டுக்கொண்டு, வாசலில் போகிற மற்றவர்களின் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் மாலை, சும்மா, தவ்ரினின் கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

அந்த இரண்டு மாதம் ஒரு கனவு மாதிரி. ஐந்து மணிக்கு மழை பிடிக்கும். போர்ச்சின் கூரையில் தண்ணீர் ஓடுகிற சத்தம், அம்மா வைக்கிற தேத்தண்ணியின் இஞ்சி மணம், அப்பாவின் மூடிய கண்கள். எதிர்வீட்டுச் சுவர், நிறுத்தி வைத்த கார்கள், குப்பைத்தொட்டி எல்லாம் மெல்ல மழையில் கரைந்துபோக, அங்கே வெள்ளி நிறத்தில் ஓர் ஆறு ஓடும். ஆற்றின் மேல் பனி இறங்கும்.

"பனின்னா எப்படிடா, சீவிப் போடுற ஐஸ் கச்சாங் மாதிரியா?"

"ஆமாப்பா. சிரப் ஊத்தாத ஐஸ் கச்சாங். ஊர் பூரா."

அப்பா அதை நெடுநேரம் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். தவ்ரின் அவர் வாயில் தவராஜன் ஆனான். கெஸ்ரா என்ற கொடிய சூனியக்காரியை அம்மா 'அந்தக் கேசரி' என்றே கூப்பிட்டார். வடதிசைப் பெருங்காடு, அம்மா பிறந்து வளர்ந்த லாபிஸ் ரப்பர் தோட்டம் மாதிரி வரிசை வரிசையாக வளர்ந்துவிட்டது. எனக்கும் நாளடைவில் மூலத்தில் என்ன இருந்தது என்பது மறந்துபோய், ரப்பர் மரங்களுக்கு நடுவேதான் தவ்ரின் குதிரையில் போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். அவன் திரும்பிப் பார்த்தான். நான் புத்தகத்தை மூடினேன்.

"அப்புறம்?" என்றார் அப்பா.

"அவ்வளவுதான்ப்பா. மிச்சம் இன்னும் எழுதல."

"பாலத்துல நிக்க வச்சிட்டு எங்க போனாரு அந்த மனுசன்? டேய், நான் இருபது வருசம் பாலத்துல நின்னவன்லா. முன்னாலயும் போக முடியாம பின்னாலயும் வர முடியாம நிக்கிறது என்னான்னு எனக்குத் தெரியும்."

ஆனால் வினை அம்மாவிடமிருந்துதான் வந்தது. "எங்க தோட்டத்துல புரட்டாசி மாசம் ராமாயணம் வாசிப்பாங்க. பட்டாபிஷேகம் ஆகாம பொஸ்தகத்த மூடவே மாட்டாங்க. பாதியில மூடினா வீட்டுக்கு ஆகாது. நீ என்னாடான்னா ராஜாவக் காட்டுலயும் மேட்டுலயும் அலையவிட்டு, பாலத்துல ஒத்தச் செருப்போட நிறுத்திட்டு மூடுற. வியாழக்கிழம அப்பாவுக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க. பட்டாபிஷேகம் முடியாம நான் அவர ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன்."

"அம்மா, இது ராமாயணம் இல்லம்மா."

"ராஜா இருக்கானா? காட்டுக்குப் போனானா? பொண்டாட்டியப் பிரிஞ்சானா?"

மூன்றுக்கும் 'ஆமாம்' என்பதே பதில். பல்கலைக்கழகக் கல்விக்கு அதற்கு மேல் வாதம் தெரியவில்லை.

திங்கட்கிழமை, "ஐந்தாம் பாகம் கிடைச்சிருச்சு" என்று அறிவித்தேன். என் கையில் இருந்தது நூலகத்திலிருந்து எடுத்த மண் இயக்கவியல் பாடநூல். அதற்கு நாளிதழ்த்தாளில் அட்டை போட்டிருந்தேன். கண் களிமண்ணின் அமிழ்வு வரைபடத்தில் இருக்க, வாய் பனிப்பாலத்தில் நடந்தது. பாலத்தின் அடியில் ஓர் ஓடக்காரி பாடிக்கொண்டே வந்தாள். (அப்படி ஒருத்தி மூலத்தில் கிடையவே கிடையாது.) ஆற்றின் அடியில் மகுடம் கிடக்கிற இடம் அவளுக்கு மட்டும் தெரியும். காவலன் தவ்ரினைத் தடுத்தபோது அப்பா கண்ணைத் திறந்து, "பாஸ்போர்ட்டு மாதிரி எதாச்சும் காட்டணும்ல?" என்று கேட்டார். உடனே ஓடக்காரி அவனுக்கு ஒரு செப்புத் தகடு கொடுத்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. பக்கத்தைத் திருப்பினேன், சொற்கள் தாமாக வந்தன. புதன்கிழமை மாலை மூடுபனி விலகியது. பாசி படிந்த மகுடத்தை, சொட்டச் சொட்ட, தவ்ரினின் தலையில் வைத்தார்கள். அப்பா மூக்கை உறிஞ்சினார். அம்மா பாயசம் கொண்டுவந்தார். நான் தடுப்பதற்குள் புத்தகத்தை வாங்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். ஒரு மண்டலத்துக்கு அது அங்கிருந்து அசையக் கூடாதாம். (அந்தப் பருவத் தேர்வுக்கு நான் அடுத்தவன் நோட்டில்தான் படித்தேன்.)

வியாழக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். எலும்பு அருமையாகக் கூடியிருந்தது. வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அப்பாவின் வேலை அவருக்காகக் காத்திருக்கிறது, அடுத்த மாதம் திரும்பி வரலாம் என்று அதில் இருந்தது. படித்துச் சொன்னேன். அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்று முழுக்க மார்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "பட்டாபிஷேகம்" என்றார் அம்மா, ஒரே சொல்லில்.

சனிக்கிழமை வட்டத்து நண்பர்கள் பழப்பையோடு அப்பாவைப் பார்க்க வந்தார்கள். நான் தேத்தண்ணி எடுத்துவர உள்ளே போனேன். தட்டோடு திரும்பியபோது அப்பாவின் குரல் கேட்டது.

"தவராஜனுக்கு முடி சூட்டினாங்க பாருங்க, மறுநாளே கால் சரியாயிருச்சு."

திவ்யா சிரித்தாள். "என்னா முடி அங்கிள்? அவரு பாலத்துலதான நிக்கிறாரு."

அப்பா அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அது நாலாம் பாகம்மா. நீங்கல்லாம் அஞ்சாம் பாகம் இன்னும் படிக்கலையா?"

ஆறு கண்ணாடிக் குவளைகளோடு வாசற்படியில் நின்று, திரும்பி உள்ளே ஓடிவிடலாமா என்று கணக்குப் போட்டேன்.

"அலமாக்! வந்துருச்சா?" என்று லோகேஸ் எழுந்து நின்றான்.

"சொல்லாதீங்க அங்கிள்!" என்று திவ்யா இரு காதையும் பொத்தினாள்.

"சொல்லுங்க அங்கிள்!" என்றான் லோகேஸ்.

அப்பா சொன்னார். ஓடக்காரி பாடியதிலிருந்து சொன்னார். நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார். விடியற்காலை ஐந்து மணிக்குப் பாலத்தின் மேல் மூடுபனி எப்படி விளக்குகளைத் தின்னும் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. திவ்யாவின் கைகள் காதிலிருந்து எப்போது இறங்கின என்று அவளுக்கே தெரிந்திருக்காது. வேலிக்கு அப்பால் தண்ணீர்க் குழாய் ஒரே ரோஜாவை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. தட்டை ஏந்திக்கொண்டு நானும் நின்று கேட்டேன். ஒரு நிமிடம், சத்தியமாக, அந்தப் புத்தகம் உண்மையிலேயே எங்கோ இருக்கிறது என்று நம்பினேன்.

மகுடம் ஏறியது. திவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புக்கக் கொஞ்சம் பாக்கலாமா ஆன்ட்டி?" என்றாள்.

"அது சாமி மேடையில—" என்று ஆரம்பித்தேன். அம்மா அதற்குள் மண்டலக் கணக்கையும் மறந்து இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்துவிட்டார். திவ்யா கும்பிட்டு வாங்கி, ஒன்பது வருடம் காத்திருந்த விரலால் நாளிதழ்த்தாளைப் பிரித்தாள்.

"மண்... இயக்கவியல்," என்று படித்தாள். "மூணாம் பதிப்பு."

"மூணாம் பதிப்பா?" என்று லோகேஸ் அலறினான். "ரெண்டு பதிப்பு நமக்குத் தெரியாமலே வந்து போச்சா?"

அவனுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. திவ்யாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "அப்ப பிரகாஷ எதுக்கு நீக்குன?" என்று அவள் கேட்டாள். "இதுக்காடா நான் தினமும் வெளக்கு வச்சேன்!" என்று அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அப்பா மெதுவாகச் சட்டைப்பையில் கைவிட்டு அந்தக் கம்பெனிக் கடிதத்தை எடுத்தார். அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப இது?"

"அது நிஜம்ப்பா."

அவர் நம்பாமல் இருந்தாரா, நம்பப் பயந்தாரா, தெரியவில்லை. வேலிப் பக்கம் திரும்பினார். "அந்தோணி, கொஞ்சம் வாங்களேன்."

தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்த அந்தோணி அங்கிள், கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, கடிதத்தை விரித்து, உதடு அசையாமல் படித்தார். முன்னும் பின்னும் திருப்பினார். மறுபடி படித்தார். என் வாழ்க்கையில் எந்தத் தேர்வு முடிவுக்கும் நான் அப்படி நின்றதில்லை. நான் இத்தனை வருடமாகப் படித்துச் சொன்ன ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு சீட்டும் அந்த ஒரு தாளில் போய் நின்றன.

"பையன் சரியாத்தான் படிச்சிருக்கான்," என்றார் அங்கிள். "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி வரச் சொல்றாங்க."

அப்பா மூச்சுவிட்டார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். மழை ஓய்ந்து, எதிர்வீட்டுச் சுவரும் குப்பைத்தொட்டியும் ஆற்றுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"அப்ப தவராஜன் இன்னும் அங்கதான் நிக்கிறானா?"

"ஆமாப்பா."

"ஒத்தச் செருப்போட?"

"ஆமாப்பா."

"பாவம்லா," என்றார்.

அன்றே மூன்றாம் விதிப்படி வட்டம் என்னை நீக்கியது. பிரகாஷ் மீண்டும் சேர்க்கப்பட்டு செயலாளரானான். மன்னிப்புக் கேட்கப் போன் செய்தேன், "உன்னோடதுல முடி சூட்டுறாங்களாமே? கொஞ்சம் பழைய ஸ்டைலு" என்று மட்டும் சொன்னான். ஐந்தாம் பாகம் இன்னும் வரவில்லை. பூசணிக்காய் நன்றாக வளர்கிறது.

இப்போது நான் கெலாங் பாத்தாவில் ஒரு கட்டுமானத் தளத்தில் பொறியாளர். களிமண் அமிழ்வு பற்றி என்னிடம் கேட்டால், முதலில் ஓர் ஓடக்காரியின் பாட்டுத்தான் காதில் விழும். வீட்டில் எந்தக் கடிதத்தை நான் பிரித்தாலும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதே கேள்வியைத்தான் கேட்கிறார்: "இது அவங்க எழுதுனதா, நீ எழுதுனதா?" என் கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்கள் முன்னாலும், ஜாதகத்தை நான் கையில் எடுத்தபோது கேட்டார்.

அந்தக் கேள்வி முதன்முதலாக எழுந்தது நூலகத்திலிருந்து வந்த கடிதத்துக்கு. அம்மா புத்தகத்தைத் திரும்ப மேடையில் வைத்து, ஒரு மண்டலம் முடியாமல் இறக்க விடவில்லை. பொய்ப் புத்தகமானாலும் வைத்த விளக்கு மெய்தானாம். இறக்கியபோது அட்டை முழுக்கக் குங்குமமும் எண்ணெயும். தாமதத்துக்கு அபராதம், பாழான நூலுக்கு ஈடு என்று நான் படித்துச் சொன்னேன். அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். அந்தோணி அங்கிள் வேலியைத் தாண்டி வந்து, கண்ணாடியை மாட்டி, அவங்க எழுதியதுதான் என்று உறுதி செய்தார்: நூற்று எண்பத்து நான்கு ரிங்கிட் ஐம்பது சென்.