பக்கத்துக் கட்டில் மாத்திரை

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் ஓரகத்தி எழுதிக்கொண்டது. நீயும் கொழுந்தனாரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். என் மகள் கல்யாணப் போட்டோவில் என்னை மறைத்துக்கொண்டு நின்றவள் நீ. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பகை பாராட்டக் கூடாது என்பதால் அதைப் பற்றி இதில் எழுதவில்லை.

பாதத்தில் ஆணி குத்திய புண் ஆறவே இல்லை. ஒவ்வொரு தடவையும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி, வலி விட்டதும் மிச்சத்தை டப்பாவில் பத்திரப்படுத்திய கெட்டிக்காரி நான்தான். அரைகுறையாக அடி வாங்கிப் பழகிய கிருமி இப்போது எந்த மருந்துக்கும் மசியவில்லையாம். இந்த ஆஸ்பத்திரி மருந்திலும் தேறாவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். தனியாகக் கொடுத்தால் பலிக்காத மருந்துகளை ஜோடி சேர்த்துக் கொடுக்கிறார்கள், ஒன்று கிருமியின் சுவரை உடைக்குமாம், இன்னொன்று உள்ளே புகுந்து அடிக்குமாம். நம் மாமியாரிடம் நீயும் நானும் செய்ததுதானே, இதற்கா இவ்வளவு படிப்பு என்று நினைத்துக்கொண்டேன். இங்கே ரெண்டு ஜோடியில் எது ஒசத்தி என்று பார்க்கிறார்கள். வார்டில் பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு இன்னொன்று. பார்க்க எல்லாம் ஒரே வெள்ளை மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையற்காரி. அவ புண்ணு மளமளன்னு காயுது, என்னது அப்படியே கிடக்குது, எனக்குப் பொறுக்குமா? நல்ல ஜோடி அவளுக்குப் போயிருக்கு, எனக்கு வாய்ச்சது மட்டம், கல்யாணத்துலேர்ந்தே என் ராசி அப்படித்தான்னு முடிவு பண்ணிட்டேன். நர்சம்மா மாத்திரைக் கப்பை வச்சிட்டுத் திரும்பினதும் மாத்திக்கலாம்னு அவளை அரிச்சு எடுத்தேன். கடைசியில தலையாட்டினா. ஒவ்வொரு வேளையும் மாத்திப் போட்டுக்கிட்டோம். பாரேன், என் புண்ணும் காய ஆரம்பிச்சுது. காலையில டாக்டர் கட்டைப் பிரிச்சுப் பார்த்துட்டு, பாதத்தை எடுக்க வேண்டாம் பாட்டின்னாரு. அழுதுட்டேன்.

இப்ப என்ன சங்கடம்னா, என் பேருக்கு வந்த மட்டமான ஜோடிதான் குணப்படுத்துச்சுன்னு எழுதிடுவாங்க. நாளைக்கு உன் காலுக்கு ஒண்ணுன்னா அதையே கொடுப்பாங்க. அதனால சாயந்திரம் டாக்டர் வந்ததும் சொல்லிடப்போறேன். திட்டினா வாங்கிக்கிறேன், நல்ல ஜோடியைக் கண்டுபிடிச்சது நான்தான்னும் சொல்லிடுவேன்.

உன் வீடு நோய்நொடி இல்லாமல் தழைக்கட்டும். மாத்திரை கொடுத்தால் முழுசாகச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: சொல்லிட்டேன். ரெண்டு பேர் கணக்கும் குப்பைக்குத்தான்னு டாக்டர் தலையில கைவச்சு உட்கார்ந்துட்டாரு. அப்ப அந்தத் தையற்காரி வாயைத் திறந்தா. “இல்லீங்க டாக்டர். பாட்டி மாத்திரை போடுமுன்ன கண்ணை மூடிக் கும்பிடும். அதுக்குள்ள நான் திரும்ப மாத்தி வச்சிடுவேன். ஒரு வேளை கூடத் தவறல. நச்சரிப்பு தாங்காமதான் தலையாட்டினேன்.”

ஆக, மட்டம்னு நான் தள்ளினதுதான் என் காலைக் காப்பாத்தியிருக்கு. அது போகட்டும். சரின்னு சொல்லிட்டு இத்தனை நாள் ஏமாத்தினாளே, அவகூட இனி எனக்குப் பேச்சு கிடையாது. நீ கிளம்பி வா, பேசுறதுக்கு இங்க ஆளே இல்லை.